தவசிக்கீரை: அரை நிழலில் நட்டு, வெட்டி வளர்த்து, வேகவைத்துச் சாப்பிட ஒரு முழு வழிகாட்டி

நர்சரியில் 'மல்டிவைட்டமின் கீரை' என்று அட்டை எழுதி வைத்திருக்கும் செடிதான் தவசிக்கீரை. என்றும் பச்சையாக நிற்கும் புதர். ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் இலை தரும். அரைக்கீரையும் சிறுகீரையும் வெளிறி மெலிந்துபோகும் அரை நிழலில் இது செழிப்பாக வரும். கேரளத்தில் இதை வீட்டைச் சுற்றி வேலியாகவே நடுகிறார்கள். மலேசியச் சந்தையில் சேகூர் மானிஸ் என்ற பெயரில் கட்டுக்கட்டாக விற்கும்.

புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் தடுமாறுகிறார்கள். இளங்குச்சியை நடுவது ஒன்று. வெட்ட மனமில்லாமல் ஆளுயரத்துக்கு வளர விடுவது இன்னொன்று. மூன்றாவது, இலையைப் பச்சையாக அரைத்துக் குடிப்பது. முதல் இரண்டில் செடிதான் வீணாகும். மூன்றாவதில் ஆளுக்கே கேடு. அதனால் ஏற்கெனவே செடி வைத்திருப்பவர்கள் 9-ஆம் பகுதியை முதலில் படித்துவிட்டு இங்கே வாருங்கள்.

தேவையானவை

முற்றிய தண்டிலிருந்து வெட்டிய போத்துகள், கூர்மையான கத்தரி, செம்மண், மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், கொஞ்சம் ஆற்று மணல் அல்லது தேங்காய் நார்க்கழிவு, மூடாக்குக்குக் காய்ந்த சருகு. தொட்டியில் வளர்ப்பதானால் 12 முதல் 15 அங்குல அகலமுள்ள தொட்டியோ குரோ பேகோ வேண்டும். அதைவிடச் சிறியதில் வேர் சீக்கிரமே சுருண்டு நிறைந்துவிடும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் இலை பெரிதாகாது.

போத்து வாங்குவதற்கு முன் மண்ணையும் இடத்தையும் தயார் செய்துவிடுங்கள். பலரும் போத்தை வாங்கி வந்துவிட்டு அப்புறம் தொட்டி தேடுகிறார்கள். அதற்குள் அது மூலையில் கிடந்து வாடிவிடும்.

1. செடி இதுதானா என்று உறுதி செய்யுங்கள்

தவசி முருங்கை என்று வேறொரு செடி இருக்கிறது. சளிக்கு ரசம் வைப்பார்களே, அது. பெயர் ஒட்டி வருவதால் விற்பவர்களே மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு.

தண்டைப் பாருங்கள். தவசி முருங்கையில் ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். தவசிக்கீரையில் கணுவுக்கு ஒரே இலைதான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். மெல்லிய கிளையில் இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் கீழாநெல்லியைப் பெரிதாக்கி வைத்தது மாதிரி தெரியும். இரண்டும் ஒரே குடும்பம்தான். சில செடிகளில் இலையின் நடுவே வெளிர்ச் சாம்பல் நிறப் பூச்சு இருக்கும். அது நோய் இல்லை.

பூவோ காயோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். இலைக்கு அடியில், தலைகீழாகத் தொங்கும் சின்னச் சிவந்த பூ; அப்புறம் சிவப்புத் தொப்பி போட்டதுபோல வெள்ளைக் காய். இவை மேலிருந்து பார்த்தால் தெரியாது, கிளையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

2. இடம்: காலை வெயில், மதிய நிழல்

நிழலில் வளரும் செடி என்றதும் சிலர் வெளிச்சமே வராத மூலையில் வைத்துவிடுகிறார்கள். அங்கே செடி சாகாது. ஆனால் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டுகொண்டே போகும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், இலை குறையும். கீரைக்காக வளர்க்கும்போது அதனால் பயன் இல்லை.

காலையில் மூன்று நான்கு மணி நேரம் வெயில், பதினோரு மணிக்கு மேல் நிழல் — இதுதான் சரியான அளவு. வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் இதற்கு நன்றாகப் பொருந்தும். தென்னைக்கு அடியில் விழும் சல்லடை நிழலும் நல்லது. முழு வெயிலிலும் வளரும்தான். ஆனால் தண்ணீர் நிறையக் கேட்கும், இலை சிறுத்து மஞ்சளோடி, முற்றிய கறிவேப்பிலை போலத் தடித்துவிடும். நிழலில் வந்த இலைதான் அகலமாகவும் இளசாகவும் இருக்கும்.

மேற்குச் சுவரோரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிற்பகல் வெயில் மட்டுமல்ல, சுவர் சூடேறி இரவு வரை அனலை விட்டுக்கொண்டிருக்கும். மொட்டை மாடிதான் இருக்கிறது என்றால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள்; தொட்டியைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளத்தின் சூடு வேருக்குப் போகாது, தண்ணீரும் வடியும்.

மரத்தடியில் நடுவதானால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். நிழல் தரும் மரம், தண்ணீரையும் உரத்தையும் பங்கு கேட்கும். மரத்தின் தூரிலிருந்து நான்கைந்து அடியாவது தள்ளி நடுங்கள்.

3. மண்

இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய உரம், ஒரு பங்கு மணல் அல்லது நார்க்கழிவு. இதோடு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஈரம் நிற்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதற்குத்தான் இந்தக் கலவை.

தரையில் என்றால் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்துக்குக் குழி. வேலியாக நடுவதானால் அதே அளவில் நீளமாக வாய்க்கால் வெட்டி, உரம் கலந்த மேல்மண்ணால் நிரப்புங்கள். களிமண் நிலமாக இருந்தால் மேடு கட்டி அதன்மேல் நடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளத்தில் நின்ற செடிகள்தான் முதலில் அழுகும்.

4. போத்து: செடியின் பாதி விதி இங்கேதான்

விதையும் முளைக்கும். ஆனால் காய் பழுத்தவுடன் எடுத்து உடனே போட வேண்டும். சில மாதம் வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். போத்துதான் எளிது.

இளம்பச்சை நுனியைக் கிள்ளி நடாதீர்கள். அது இரண்டு நாளில் துவண்டுவிடும், அல்லது மண்மட்டத்தில் அழுகும். வேர் வரும்வரை போத்து தன் தண்டுக்குள் இருக்கும் சேமிப்பில்தான் பிழைக்க வேண்டும். இளந்தண்டில் அந்தச் சேமிப்பு இல்லை. அதேபோல, அடிமரத்தில் கட்டை விரல் தடிமனுக்குப் பட்டை பாய்ந்த தண்டும் மெதுவாகத்தான் துளிர்க்கும்.

பென்சில் தடிமனில், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய தண்டை எடுங்கள். வளைத்தால் கொஞ்சம் வளைந்து பிறகு முறிய வேண்டும். நீளம் 20 முதல் 25 சென்டிமீட்டர். குறைந்தது நான்கு கணுக்கள். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள், மேலே நேராக வெட்டுங்கள். வேர் பெரும்பாலும் கணுப் பகுதியிலிருந்துதான் வரும். சாய்வும் நேரும் இன்னொன்றுக்கும் உதவும்: இலை உருவிய பின் எது தலை, எது அடி என்று தெரியாமல் தலைகீழாக நட்டுவிடுவது நிறைய நடக்கிறது.

இலைகளை முழுக்க உருவிவிடுங்கள். 'இரண்டு இலை இருந்தால் உயிரோடு தெரியுமே' என்று விட்டுவைக்கத் தோன்றும். வேர் இல்லாத குச்சியிலிருந்து அந்த இரண்டு இலையும் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு செடி வேண்டுமானால் மூன்று நான்கு போத்துகளாவது எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பிடிக்காது.

5. நட்டுவிட்டுக் காத்திருப்பது

சித்திரை, வைகாசி வெயிலில் நட வேண்டாம். ஆடி, ஆவணி நல்ல காலம். குமரி, நீலகிரி அடிவாரம் போலத் தென்மேற்குப் பருவமழை எட்டும் இடங்களில் ஆனி மாதமே தொடங்கலாம். காற்றில் ஈரம் இருக்கும்போது போத்து காய்ந்துபோவது குறைவு.

முதலில் ஒரு குச்சியால் மண்ணில் துளை போடுங்கள். அப்புறம் போத்தை இறக்குங்கள். நேரடியாகக் குத்தினால் அடிப்பட்டை உரிந்துவிடும். இரண்டு கணு மண்ணுக்குள், மீதி வெளியே. சுற்றிலும் விரலால் மண்ணை அழுத்திவிடுங்கள். தண்டைச் சுற்றிக் காற்றுப்பை இருந்தால் அந்த இடத்தில் வேர் இறங்காது.

நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர். அதன்பிறகு மேல்மண் லேசாகக் காயும்போது மட்டும். இந்தக் கட்டத்தில் வறட்சியைவிட அளவுக்கு மீறிய தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது.

இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். உடனே 'பிடித்துவிட்டது' என்று எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுகிறார்கள். அந்தத் துளிர் தண்டின் சேமிப்பில் வந்தது. உள்ளே வேர் வந்ததற்கு அது சாட்சி இல்லை. வேர் பார்க்க இழுத்துப் பார்ப்பது அதைவிட மோசம், அப்போதுதான் வந்த வேர் அறுந்துவிடும். புதிய கிளையில் ஏழெட்டு இலை விரிந்து, அந்த இலைகளும் வாடாமல் நின்றால்தான் வேர் ஓடியிருக்கிறது என்று பொருள். அதற்கு இரண்டு மாதம் வரை ஆகலாம். உரமும் அதுவரை வேண்டாம்.

மாற்றி நடும்போது வேரோடு மண்கட்டி உடையாமல், மாலை நேரத்தில் செய்யுங்கள். வேலிக்கு ஒன்றரை அடி இடைவெளி போதும். தனித்தனிப் புதராக வளர்க்க இரண்டரை அடி விடுங்கள். முடிந்தால், இந்தத் தொல்லையே இல்லாமல் போத்தை முதலிலேயே நிலையான இடத்தில் நட்டுவிடலாம். இடத்தை முன்பே தயார் செய்யச் சொன்னது இதற்குத்தான்.

6. முதல் வெட்டு

செடி ஒன்றரை அடி வந்ததும் நுனியை வெட்டி ஓர் அடியாக்குங்கள். இதைச் சொன்னால் பலருக்கும் முகம் மாறும். 'இப்போதுதான் நன்றாக வருகிறது, அதற்குள்ளா?' என்பார்கள்.

நுனி மொட்டு இருக்கும்வரை கீழே ஒவ்வொரு கணுவிலும் இருக்கும் மொட்டுகள் அடங்கியே கிடக்கும். நுனி போனதும் இரண்டு மூன்று கிளைகள் ஒன்றாகக் கிளம்பும். அந்தக் கிளைகள் ஒரு சாண் வந்ததும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். இப்படி இரண்டு சுற்று முடிந்தால் ஒற்றைக் குச்சி புதராகியிருக்கும்.

வெட்டாமல் விட்டால் ஏழெட்டு அடி உயரம்கூடப் போகும். தண்டு மெலிந்ததால் நுனி பாரம் தாங்காமல் சாயும். அடியில் இலை உதிர்ந்துவிடும். கைக்கு எட்டாத உயரத்தில் மட்டும் கீரை நிற்கும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் பயப்படாமல் இரண்டடி உயரத்தில் வெட்டிவிடுங்கள், வேர் நன்றாக இருந்தால் திரும்பத் துளிர்க்கும். வெட்டிய தண்டில் நல்ல போத்துகளும் கிடைக்கும்.

இடுப்பு உயரம்தான் எப்போதும் பராமரிக்க வேண்டிய அளவு. வருடத்துக்கு ஒருமுறை, மழை தொடங்கும் சமயத்தில், ஒன்றரை இரண்டடிக்குக் கவாத்து செய்யுங்கள். கோடையில் செய்யக் கூடாது. இலை நிழல் இல்லாமல் தண்டு வெயிலில் வெந்துவிடும்.

7. தண்ணீர், உரம், பூச்சி

இலைக்காக வளர்ப்பதால் ஈரம் விட்டுவிட்டு இருக்கக் கூடாது. ஒரு வாரம் காய்ந்தால் அடி இலைகளைக் கொட்டிவிடும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். சருகு மூடாக்கு இரண்டு அங்குலம் போட்டால் பாதி வேலை குறையும். மூடாக்கு தண்டைத் தொடாமல் இருக்கட்டும்.

ஒவ்வொரு பறிப்புக்குப் பிறகும் தழைச்சத்து கொடுங்கள், ஏனென்றால் நாம் எடுத்துப் போவது முழுக்க இலை. கடலைப் புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றினால் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மட்கிய உரம். யூரியா போட்டால் இலை பொசுபொசுவென்று வரும், கூடவே மாவுப்பூச்சியும் வரும்.

மாவுப்பூச்சிதான் முக்கியத் தொல்லை. இலை அடியிலும் கணுக்களிலும் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும். எறும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாலே கிளையைத் தூக்கிப் பாருங்கள். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும். அதிகமானால் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். பிறகு ஒரு வாரம் கீரை பறிக்க வேண்டாம். மழைக்காலத்தில் நத்தை இளந்துளிரைத் தின்னும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி.

8. பறிப்பு

நட்டு மூன்று நான்கு மாதத்தில் உருப்படியான முதல் பறிப்பு கிடைக்கும். அதற்கு முன் கிள்ளுவதெல்லாம் கிளை பிரிப்பதற்காக மட்டும்.

இலையை இலையாகக் கிள்ளாதீர்கள். நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிளையோடு வெட்டுங்கள். தனி இலையைக் கிள்ளினால் மொட்டைக் குச்சி நிற்கும், புதுக்கிளை வராது. கிளையோடு வெட்டினால் அந்தப் பறிப்பே கவாத்தும் ஆகிவிடும்.

ஒரே நாளில் மொத்தச் செடியையும் மொட்டையடிக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு இலையாவது செடியில் இருக்கட்டும். இரண்டு மூன்று செடி வைத்துக்கொண்டு சுழற்சியில் எடுப்பது நல்லது. வெட்டிய செடிக்கு மூன்று வாரம் ஓய்வு கிடைக்கும்.

மலேசியாவின் சபா மாநிலத்தில் இலையைவிட இளந்தண்டுக்குத்தான் மதிப்பு. நிறையத் தண்ணீரும் உரமும் கொடுத்து, தடித்த இளங்குருத்தாக வளர்த்து, அப்படியே வதக்கிச் சாப்பிடுவார்கள். நம் வீட்டிலும் விரலால் ஒடித்தால் 'டக்'கென்று ஒடியும் பகுதி வரை தண்டைச் சேர்த்துச் சமைக்கலாம். நார் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

9. பச்சையாக வேண்டாம், ஜூஸ் வேண்டவே வேண்டாம்

1990-களின் நடுவில் தைவானில் உடல் எடையைக் குறைக்கும் என்று நம்பி, இந்த இலையைப் பச்சையாக அரைத்து, கொய்யாச் சாறு, அன்னாசிச் சாறு என்று எதிலாவது கலந்து தினமும் குடிக்கும் பழக்கம் பரவியது. வாரக்கணக்கில் குடித்தவர்களில் பலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தன. நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்கள் தழும்பேறி அடைபட்டுப் போயிருந்தன. சாறு குடிப்பதை நிறுத்தியும், மருந்து கொடுத்தும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சிலர் இறந்தார்கள், சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சையே செய்ய வேண்டியிருந்தது.

மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம் சமையலறைகளில் இது அன்றாடக் கீரை. ஆனால் அங்கே வேகவைத்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவில் சாப்பிடுகிறார்கள். தைவானில் நடந்தது பச்சையாக, அதிக அளவில், நாள் தவறாமல்.

ஆகவே வீட்டில் இந்த ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள்: எப்போதும் நன்றாக வேகவைத்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஆளுக்கு ஒரு கரண்டிப் பொரியல் அளவு. தினமும் வேண்டாம். ஸ்மூத்தி, சாலட், பச்சைச் சட்னி எதிலும் சேர்க்க வேண்டாம். காய வைத்துப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதும் கிட்டத்தட்ட அதே காரியம்தான், அதையும் விட்டுவிடுங்கள். 'போகிற போக்கில் நாலு இலை பறித்து மென்றால் சத்து' என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். குழந்தைகள் அதைப் பழகிக்கொள்ளாமல் பாருங்கள்.

ஆஸ்துமா போன்ற நுரையீரல் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுவாகவே கீரைகளில் வைட்டமின் கே இருப்பதால் மருந்தின் அளவு மாறக்கூடும். பாலூட்டும் தாய்மாருக்கு இதைக் கொடுக்கும் வழக்கம் இந்தோனேசியாவில் இருக்கிறது. அதை நம்பி மாத்திரையாகவும் சாறாகவும் எடுக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்டால், அளவாகச் சமைத்தால் இது நல்ல கீரை. 100 கிராம் இலையில் 6 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கீரைகளில் இது அதிகம். ருசியும் லேசான பச்சைப் பட்டாணி வாசனையோடு, கசப்பில்லாமல் இருக்கும்.

10. சமைக்கும் முறை

கிளையின் நுனியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக உருவினால் இலை மொத்தமும் கையோடு வந்துவிடும். இலை அடியில் காய் இருந்தால் நீக்கிவிடுங்கள். இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

அடுத்து, மலேசியச் சமையலில் தவறாமல் செய்யும் ஒரு வேலை. இலையை இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கிப் பிழியுங்கள். கரும்பச்சையாகி, அளவு பாதியாக வேண்டும். அப்புறம் ஒருமுறை அலசுங்கள். இந்த இலை வழவழப்பானது, அரைக்கீரை போலச் சட்டியில் போட்டதும் மசியாது. கசக்காமல் போட்டால் பத்து நிமிடம் ஆனாலும் வாயில் தனித்தனியாக நிற்கும்; அதைப் பார்த்துத்தான் பலர் 'ரப்பர் மாதிரி இருக்கிறது' என்று செடியையே பிடுங்கிப்போடுகிறார்கள். முற்றிய இலையானால் கசக்குவதோடு பொடியாக நறுக்கவும் செய்யுங்கள்.

பாசிப்பருப்புக் கூட்டுக்கு: பருப்பு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது கீரையைப் போட்டு, மூடாமல் எட்டுப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. புளி வேண்டாம், அந்தப் பட்டாணி வாசனை அடங்கிவிடும்.

முட்டையோடு: சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் வதக்கி, கசக்கிய கீரையைப் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வேகவையுங்கள். தண்ணீர் வற்றி, இலை மெத்தென்று ஆன பிறகே முட்டையை உடைத்து ஊற்றுங்கள். முட்டையை முதலில் ஊற்றினால் அது இலையைச் சுற்றிக்கொள்ளும், உள்ளே கீரை அரைவேக்காடாக நிற்கும். கூனி இறால் பிடிக்குமானால் வெங்காயத்தோடு ஒரு பிடி வறுத்துக்கொள்ளலாம்.

அடைக்கும் இது பொருந்தும். ஆனால் மாவில் பச்சையாகக் கலக்காமல், ஐந்தாறு நிமிடம் வதக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். மெல்லிய தோசையில் தூவினால் வேகாது.

பறித்த கிளையை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே இலை உதிரத் தொடங்கும். உடனே சமைக்க முடியாவிட்டால் காம்பை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி நிழலில் வையுங்கள், ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் செடியிலேயே விட்டுவைப்பதுதான் மேல். என்றைக்குச் சமைக்கிறீர்களோ அன்றைக்குக் காலையில் வெட்டிக்கொள்ளலாம்.